கைராசிக்காரரும் இளஞ்சிவப்புக் கிருமியும்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் நூற்றிருபது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் முப்பது பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் மூன்றாவது மாடியில் வளர்ந்த ஓர் இளஞ்சிவப்புக் கிருமி, அந்த முப்பது பேரில் ஒருவர் கையாலும் சாப்பிட மறுத்தது. பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்ட ஒருவர் சமைத்துக் கொடுத்தால்தான் வாயைத் திறந்தது.

அவருக்குப் பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றபடி வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'கைராசி'. வயது ஐம்பத்தைந்து. ஒல்லி உடம்பு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. முப்பது வருடமாக மீடியா ரூம் என்கிற அறைக்கு அவர்தான் ராஜா, மந்திரி, படை எல்லாம். கிருமிகளுக்குச் சாப்பாடு தயாரிக்கும் அறை அது. உப்புகளை நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கொட்டி, அடுப்பில் வைத்துக் கரைத்து, குடுவைகளில் ஊற்றி, ராட்சசக் குக்கர் போன்ற இயந்திரத்தில் அவித்து எடுப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் கஞ்சி.

"வீட்ல ஒரு பாலைப் பொங்க விடாம காய்ச்சத் தெரியாது. அங்க போய்க் கோடிக்கணக்கான பேருக்குச் சமையலாம்" என்பாள் அவர் மனைவி. திரைச்சீலை தைப்பது அவள் தொழில். துணியில் ஓர் இழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். புருஷன் பிசகினால் கேட்கவே வேண்டாம்.

அந்த இளஞ்சிவப்புக் கிருமியைக் கொண்டுவந்தவர் அந்த முப்பது பேரில் ஒருவரான டாக்டரம்மா. வளாகத்து மரம் ஒன்றின் இலையைத் தட்டில் ஒற்றி எடுத்தபோது கிடைத்தது. டாக்டரம்மா நாற்பது வயதுக்காரர். சிரிக்கத் தெரிந்தவர், ஆனால் அந்தக் கிருமி வந்த பிறகு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டவர். மெத்தனால் என்கிற சாராயத்தைத் தின்று வாழும் கிருமி அது. மனிதன் குடித்தால் முதலில் கண் போகும், பிறகு ஆளே போய்விடுவான். இதற்கோ அது தாய்ப்பால். அந்தத் தாய்ப்பாலோடு கைராசி காய்ச்சிய கஞ்சியும் இருந்தால் மூன்றே நாளில் குடுவை ரோஜா நிறமாகிவிடும். அதே உப்பு, அதே தண்ணீர், அதே அளவில் டாக்டரம்மா தன் கையால் காய்ச்சினால் ஐந்து நாளானாலும் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். வளராததை ஐந்தாம் நாள் கொட்டிவிடுவது அவர் வழக்கம். இரண்டு வருடத்தில் அவர் கொட்டியதைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு நீச்சல் குளம் ஆகியிருக்கும்.

"அண்ணே, நான் பண்ணினதுக்கும் நீங்க பண்ணினதுக்கும் என்னதான் வித்தியாசம்?"

"நீங்க கோவமா பண்ணியிருப்பீங்கம்மா. அதுக்குத் தெரிஞ்சிடும்."

"கிருமிக்கு என் மனசு எப்படித் தெரியும்?"

"மூணு வேளையும் உங்க முகத்தையேதானே பாத்துக்கிட்டிருக்கு."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொள்வார். "கைராசின்னு கட்டுரையில எழுத முடியாதுண்ணே. எழுதினா என்னை வேற மாதிரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க."

ஒரு நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, செய்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினார். மொத்தம் நாற்பத்தொரு வரி. முதல் வரி, 'பாத்திரங்களை மூன்று முறை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுதல்'. ஒன்பதாவது வரி, 'அடுப்பைப் பற்றவைத்தல்'. அந்த நாற்பத்தொரு வரியையும் ஒரு காற்புள்ளி பிசகாமல் தன் அறையில் செய்து பார்த்தார். கிருமி அசையவில்லை.

புகழ் வந்தால் மனிதன் சும்மா இருப்பானா? நம் கதாநாயகர் இருக்கவில்லை. தன் கையின் மகிமைக்கு மெல்ல மெல்லச் சில நிபந்தனைகளைச் சேர்த்தார். கஞ்சி காயும்போது ரேடியோவில் பழைய பாட்டு ஓடினால் நல்லது என்றார். ரேடியோ வந்தது. முதுகு வலியோடு கலக்கினால் கிருமிக்கும் சோர்வு வரும் என்றார். கூட்ட அறையிலிருந்து சுழல் நாற்காலி வந்தது. டீ குடிப்பதற்கு முன்னால் தன்னிடம் யாரும் பேசக் கூடாது என்றார். ஊரே வாயை மூடிக்கொண்டது. ஒரு முறை குடுவை சிவக்க ஒரு நாள் தாமதமானது. தபால் பிரிவுக்காரர் நடைபாதையில் சத்தமாகத் தும்மினதுதான் காரணம் என்று சும்மா ஒரு வார்த்தை விட்டார். அந்த மனிதர் இரண்டு மாதம் பூனை நடை நடந்தார். புதுக் குளிர்பெட்டி வந்தால் கைராசிதான் சுவிட்சைப் போட வேண்டும். யாராவது தேர்வு எழுதப் போனால் அவர் தொட்டுக் கொடுத்த பேனாவோடுதான் போவார்கள்.

அவருக்கே அதில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் வினை.

புது நிர்வாகி பொறுப்பேற்று வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம். எதைச் சொன்னாலும் "எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட வெறுப்பு கிடையாது" என்று ஆரம்பிப்பார். அதைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் தன் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

"எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட வெறுப்பு கிடையாது" என்றார் மீடியா ரூம் வாசலில் நின்று. "இப்ப இதெல்லாம் ரெடிமேடா பாட்டில்ல வருது. நிறுக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம், மூடியைத் திறந்தாப் போதும். இந்த ரூம் எதுக்கு?"

"திறந்தாப் போதும் சார். வளரணுமே."

"வளரலைன்னா?"

"வளராது சார். என் கை படலைன்னா அது வளராது."

நிர்வாகி அந்தக் கைகளைப் பார்த்தார். சாதாரணக் கைகள். நகத்தில் மட்டும் கொஞ்சம் அமிலக் கறை.

"சரி, பரீட்சை வச்சிடலாம். ஒரு பக்கம் ரெடிமேடு. ஒரு பக்கம் நீங்க. என் கண்ணு முன்னால. உங்களோடது வளர்ந்து அது வளரலைன்னா, நீங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும் இந்த ரூமை யாரும் தொட மாட்டாங்க. இல்லைன்னா அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீங்க கீழ்த்தளத்துக் கோப்பறை."

கோப்பறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய கோப்புகளில் 'வெளிச்சம்' என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். கைராசிக்கு அங்கே நுழைந்தாலே தும்மல் வரும். அந்த மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே சிம்மாசனம் பறிபோகப் போகிறது. ஆனாலும் அவர் கலங்கவில்லை. சிங்கம் மாதிரி நின்றார்.

"ஒரு விஷயம்" என்றார் நிர்வாகி. மேஜைமேல் இருந்த ஒரு பொருளைச் சுட்டிக் காட்டினார். "பொறி பறக்கிற இந்தச் சாமான் ஆய்வுக்கூடத்துல இருக்கக் கூடாது. புது விதி. இன்னிக்கே மின்சார அடுப்பு வந்திடும்."

அது ஒரு வெல்டிங் லைட்டர். வளைத்த கம்பியின் நுனியில் சின்னக் கிண்ணம், அதற்குள் உரசும் கல். கைராசியின் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, ஒரு வெல்டர். பல வருடம் முன்பு, மீடியா ரூம் தீப்பெட்டிகள் ஈரத்தில் நமுத்துப் போகின்றன என்று கைராசி புலம்பக் கேட்டு, தன் பட்டறையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கல் தேய்ந்தால் அவரே புதுக் கல் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார். முடிதிருத்துகிறவர் தலையைத் தொடுவதற்கு முன் கத்தரியைக் காற்றில் வெட்டிக் காட்டுவார் அல்லவா, அந்த மாதிரி கைராசிக்கும் ஒரு பழக்கம். திறந்திருக்கும் கஞ்சிப் பாத்திரத்துக்கு மேலே கையை நீட்டி, கிளிக், கிளிக், கிளிக் என்று மூன்று சொடுக்கு. அப்புறம்தான் அடுப்பு. டாக்டரம்மா அதைப் பார்த்திருக்கிறார். ஸ்டைல் என்று நினைத்து எழுதாமல் விட்டார்.

"தாராளமா எடுத்துடலாம் சார்" என்றார் கைராசி. "அடுப்பு எதுவா இருந்தா என்ன, கை என்னுதுதானே."

அன்று மாலையே லைட்டரைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

பரீட்சை நாளில் மூன்றாவது மாடி முழுக்க மீடியா ரூம் வாசலில் கூடியது. பாத்திரங்களை மூன்று முறை அமிலத்தில் குளிப்பாட்டி, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல், அவர் வாழ்நாளிலேயே இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை என்னும்படி காய்ச்சி முடித்தார். பழைய பாட்டு ஓடியது. சுழல் நாற்காலி இருந்தது. தபால் பிரிவுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெடிமேடு பாட்டிலிலிருந்து மூன்று குடுவை, கைராசியின் கஞ்சியில் மூன்று குடுவை. எல்லாவற்றிலும் டாக்டரம்மா ஒரே அளவு கிருமியை விட்டார்.

மூன்றாம் நாள் எதுவும் சிவக்கவில்லை. நான்காம் நாள் நிர்வாகி வந்து குடுவைகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆறும் ஒரே மாதிரித் தெளிவு. அதன் வழியாக அவருடைய மடிப்புக் கலையாத முகம் தெரிந்தது.

"வளர்ச்சி துளியும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். "ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் உங்க கை எதுக்கு?"

கைராசி உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியை அவர் எழுந்ததுமே யாரோ உருட்டிக்கொண்டு போனார்கள். நடைபாதையில் தபால் பிரிவுக்காரர் இரண்டு மாதக் கடனையும் சேர்த்து ஒரு தும்மல் போட்டார். அந்தத் தும்மல் கைராசியின் நெஞ்சில் ஈட்டியாய் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி ஜன்னலோரம் தையல் இயந்திரத்தில் இருந்தாள். மைத்துனர் வந்திருந்தார்.

"மாமா, விடுங்க. கோப்பறையில உக்காந்து சம்பளம் வாங்கலாம். நானெல்லாம் நெருப்புக்கு முன்னால நிக்கிறேன்."

"உனக்கு நெருப்பாவது இருக்கு மச்சான்" என்றார் கைராசி. அவர் மைத்துனரை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். "எனக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது."

"வசனம் பேசினது போதும், அடுப்புல பாலை வச்சிருக்கேன், பத்த வைங்க" என்றாள் மனைவி.

அடுப்பின் லைட்டர் அன்று மக்கர் செய்தது. கைராசி பையிலிருந்து வெல்டிங் லைட்டரை எடுத்தார். கை தன் பழக்கத்தை மறக்குமா? பால் பாத்திரத்துக்கு மேலே கிளிக், கிளிக், கிளிக். பிறகு அடுப்பு.

மனைவி எழுந்து வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"பால்ல ஏங்க கரியைக் கொட்டறீங்க? பாருங்க, கறுப்பு கறுப்பா."

"ரெண்டு துகள்."

"ரெண்டு துகளா? ஆபீஸ்லயும் இப்படித்தானே கொட்டிக்கிட்டிருந்திருப்பீங்க. அந்தப் பூச்சிங்க பாவம், இதைத் தின்னுட்டு எப்படித்தான் உயிரோட இருந்துச்சோ."

கைராசி அப்படியே நின்றுவிட்டார். பால் பொங்கியது. வழிந்தது. அடுப்பு அணைந்தது. அவர் அசையவில்லை.

"டேய், உங்க மாமாவுக்கு என்னடா ஆச்சு?"

"மச்சான்" என்றார் கைராசி மெல்ல. "இந்தக் கல்லு எதுல செய்யறாங்க?"

"கல்லுன்னு சொல்றோம், கல்லு இல்ல மாமா. இரும்போட வேற என்னமோ உலோகமெல்லாம் கலந்தது. பேரெல்லாம் வாயில நுழையாது. உரசினா பொடியாகிப் பொறியாப் பறக்கும்."

"பறந்து எங்க விழும்?"

"கீழதான் விழும். மேலயா போகும்?"

மனைவிக்கும் புரிந்துவிட்டது. தையல்காரி கண்ணாயிற்றே. கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாளைக்கு முதல் வேலையா அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா என்ன?"

"அப்புறம் என் கையில என்னடி இருக்கு?"

"அஞ்சு விரல் இருக்கு. அதுல ஒரு துணியைப் புடிச்சு, பொங்கின பாலைத் துடைங்க."

மறுநாள் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் புறப்பட்டார். ஆனால் வாசலில் காவலாளி வழக்கம்போல் எழுந்து நிற்கவில்லை. நடைபாதையில் இரண்டு பேர் அவரைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கினார்கள். அந்த இடத்தில் அவருக்குள் இருந்த குறும்பு விழித்துக்கொண்டது. டாக்டரம்மாவிடம் காட்டக் கொண்டுவந்த லைட்டர் அவருடைய சாப்பாட்டு டப்பாவின் கீழ்த்தட்டில் இருந்தது. மாடிப்படியில் பையைச் சோதித்தவரிடம் மேல்தட்டுச் சாப்பாட்டை மட்டும் காட்டிவிட்டு மேலே ஏறினார்.

"கடைசியா ஒரு பாத்திரம் காய்ச்சிக் கொடுங்கண்ணே" என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். கைராசி கதவைச் சாத்தினார். மின்சார அடுப்பில் பாத்திரத்தை வைத்தார். பற்றவைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கிளிக், கிளிக், கிளிக்.

மூன்றாம் நாள் குடுவைகள் மணப்பெண் கன்னம் மாதிரிச் சிவந்தன.

செய்தி கீழ்த்தளம் வரை ஓடியது. சுழல் நாற்காலி யாரும் சொல்லாமலே திரும்பி வந்தது. தபால் பிரிவுக்காரர் மறுபடியும் பூனையானார். நிர்வாகி வந்து குடுவையை வெளிச்சத்தில் பிடித்தார். இந்த முறை அவருடைய முகம் இளஞ்சிவப்பாய்த் தெரிந்தது.

"அன்னிக்கு வளரலையே."

"அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னீங்க சார். அது கொஞ்சம் கூச்ச சுபாவம்."

நிர்வாகி குடுவையை மேஜைமேல் வைத்தார். "எனக்கு யார் மேலயும்" என்று ஆரம்பித்து, முடிக்காமல், "மாற்றல் உத்தரவைத் தள்ளி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கைராசி நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். இதைவிட இன்பம் அவர் வாழ்வில் வந்ததில்லை. அது சரியாக இருபது நிமிடம் நீடித்தது.

இருபதாவது நிமிடத்தில் டாக்டரம்மா வந்தார். கையில் அந்த நாற்பத்தொரு வரி நோட்டு. அவர் மகிழ்ச்சியாக இல்லை.

"அண்ணே, இதை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு இனிமே வேண்டாம்."

"ஏம்மா? வளந்துடுச்சே."

"வளர்ந்துடுச்சு. ஏன் வளர்ந்துச்சுன்னு தெரியலையே. அன்னிக்கு உங்க கையாலயே வளரலை. இன்னிக்கு வளருது. ஏன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல." அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுட்டேன். புஸ்தகத்துல இருக்கிறதை அப்படியே சொல்லிக் குடுத்தாப் போதும். புஸ்தகம் என்னை ஏமாத்தாது."

பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். குழந்தை பார்ப்பது போலப் பார்த்தார்.

"என் கையில என்னண்ணே குறை?"

நிர்வாகியை ஏமாற்றலாம். தபால் பிரிவுக்காரரை வாழ்நாள் முழுக்கப் பூனையாக நடக்க வைக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு முன்னால் கைராசியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மேல்தட்டை எடுத்து வைத்தார். கீழ்த்தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"உங்க கையில ஒரு குறையும் இல்லம்மா. என் கையிலதான் ஒண்ணும் இல்ல. எல்லாம் இதுல இருக்கு."

பால், கரித்துகள், மனைவியின் திட்டு, எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமைத் திருட்டையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா லைட்டரைக் கையில் எடுத்துக் கிண்ணத்துக்குள் பார்த்தார். நோட்டைப் பிரித்தார். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. 'அடுப்பைப் பற்றவைத்தல்'. அவர் தன் அறையில் பற்றவைத்தது மின்பொறி லைட்டரால். அதில் கல்லே கிடையாது.

"எதால பத்தவைக்கணும்னு எழுதாம விட்டுட்டேன்" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு வருடச் சிரிப்பு. கண்ணில் நீர் வரும் வரை சிரித்துவிட்டு, அதே மூச்சில் கைராசியைப் பிடித்துக் கால் மணி நேரம் திட்டினார். கைராசி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டு நியாயமானது, நீளம்தான் கொஞ்சம் அதிகம்.

அடுத்த பத்து நாள் டாக்டரம்மா வீட்டுக்குப் போனாரா என்பதே சந்தேகம். ரெடிமேடு பாட்டில் கஞ்சியில் லைட்டரை மூன்று சொடுக்குச் சொடுக்கினார். சிவந்தது. பிறகு கல்லில் கலந்திருக்கும் உலோகங்களைத் தனித்தனி உப்பாக வரவழைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். லாந்தனம், சீரியம் என்று பெயர். அருமண் தனிமங்கள் என்கிற குடும்பத்தில் மூத்த பிள்ளைகள். மெத்தனாலைச் செரிக்க இந்தக் கிருமி வகைகளுக்கு ஒரு நொதி வேண்டும். அந்த நொதியின் நடுவே ஓர் உலோக அணு உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். சில கிருமிகளிடம் கால்சியம் உட்கார்கிற நொதி ஒன்றும், அருமண் உட்கார்கிற நொதி ஒன்றும் ஆக இரண்டு இருக்கும். இந்த இளஞ்சிவப்புக்காரியிடம் கால்சியம் நொதி இல்லை. அருமண் கிடைக்காவிட்டால் அவளுக்குக் கண் முன்னால் விருந்து, வாய்க்குப் பூட்டு. ஒரு துளியிலும் துளி கிடைத்தால் போதும். தன் உடம்பிலிருந்து ஒரு பொருளைக் கசிய விட்டு, அந்தத் துகளைக் கரைத்து, கவ்வி உள்ளே இழுத்துக்கொள்வாள். அளவு மிஞ்சிவிட்டால் அதுவும் ஆபத்து. டாக்டரம்மா உற்சாகத்தில் ஒரு குடுவையில் தாராளமாக ஊற்றியபோது கிருமிகள் கட்டிகட்டியாய்த் திரண்டு அடியில் படுத்துவிட்டன.

"பாத்தீங்களா, என்னுது மூணே சொடுக்கு" என்றார் கைராசி. "அளவு தெரியும் எனக்கு."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் டாக்டரம்மா.

உண்மை வெளியே வந்ததும் நிர்வாகியும் வந்தார்.

"அப்ப ரெடிமேடு பாட்டில்ல ஒரு சொட்டு விட்டாப் போதும்."

"போதும் சார்" என்றார் கைராசி.

"எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட வெறுப்பு கிடையாது. ஒண்ணாந்தேதி கோப்பறை."

இதைக் கைராசி எதிர்பார்த்துத்தான் டப்பாவைத் திறந்தார். ஆனாலும் எதிர்பார்த்த அடி வலிக்காது என்று யார் சொன்னார்கள்? ரேடியோவைத் துணியில் சுற்றினார். சுழல் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய்க் கூட்ட அறையில் விட்டுவிட்டு வந்தார். அன்று மாலை மைத்துனரிடம் தும்மலுக்கு நல்ல மாத்திரை எது என்று விசாரித்தார்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. டாக்டரம்மாவுக்குக் குடுவைகள் போதவில்லை. மேல் அலமாரியில் கைவிட்டபோது பரீட்சை நாளின் ஆறு குடுவைகள் அகப்பட்டன. அந்த அமளியில் யாரும் கொட்டாமல் விட்டவை. இருபத்து நாலு நாள் ஆகியிருந்தது.

ரெடிமேடு மூன்றிலும் மெல்லிய இளஞ்சிவப்பு. வெட்கப்பட்டது மாதிரி. அந்தக் கஞ்சிக்குள் எங்கிருந்தோ, பாட்டிலின் கண்ணாடியிலிருந்தோ உப்பின் அழுக்கிலிருந்தோ, துளியிலும் துளியாக ஏதோ கசிந்திருக்கிறது. கைராசியின் மூன்றும் அன்று போலவே ஸ்படிகமாக இருந்தன.

டாக்டரம்மா ஆறு குடுவைகளையும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு நேரே நிர்வாகியின் அறைக்குப் போனார். ஒரு தாளையும் எடுத்துக்கொண்டார். வழியில் கைராசியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. 'வளர்ச்சி துளியும் இல்லை'."

"இன்னிக்கும் இல்ல. உங்க ரெடிமேடுல இருக்கு, பாருங்க."

நிர்வாகி பார்த்தார். "அது நல்லதுதானே?"

"எனக்கு அது விஷம் சார். இனிமே நான் கண்டுபிடிக்க வேண்டியது, எவ்வளவு கம்மியா குடுத்தா இது வாழும், குடுக்கவே இல்லைன்னா உள்ளுக்குள்ள என்ன ஆகும்னுதான். அதுக்கு அருமண் துளிகூட இல்லாத கஞ்சி வேணும். அதை வாங்க முடியாது. நான் பண்ணினா அஞ்சு நாள் சும்மா இருந்துச்சு. அதுக்கு மேல என்ன ஆகியிருக்கும்னு எனக்கே தெரியாது, கொட்டிட்டேன். ஒண்ணுமே இல்லாத ஒண்ணைச் செய்யத் தெரிஞ்சவர் இந்தக் கட்டடத்துல இவர் ஒருத்தர்தான். சாட்சிக் கையெழுத்து உங்களோடது."

நிர்வாகி தன் கையெழுத்தைப் பார்த்தார். குடுவைகளைப் பார்த்தார். கைராசியைப் பார்த்தார். எனக்கு யார் மேலயும் என்று ஆரம்பிப்பார் என எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ உத்தரவுத் தாளை இழுத்து, நீளவாக்கில் ஒரு கோடு போட்டார்.

இப்போது மீடியா ரூமுக்குள் நுழையும் முன் கைராசி சட்டைப் பைகளை உதறிக் காட்ட வேண்டும். முழங்கை வரை கழுவ வேண்டும். லைட்டர் பகல் முழுவதும் காவலாளியின் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. இரண்டு வருடம் கைராசி என்று கொண்டாடியவரிடம் இன்று கேட்பதெல்லாம் கைபடாத வேலை.

"ஒண்ணும் இல்லாததைச் சமைக்கிறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சுழல் நாற்காலி" என்று மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். மைத்துனருக்கு வேறு மனக்குறை. கட்டுரையில் கல்லுக்குச் சொந்தக்காரர் பெயர் வரவேண்டும் என்கிறார். பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

போன வாரம் ஒரு மத்தியானம் நிர்வாகி தனியாக மீடியா ரூம் வாசலில் வந்து நின்றார். நடைபாதையின் இரு பக்கமும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பு கலைந்திருந்தது.

"எம் பொண்ணோட காலேஜ் அப்ளிகேஷன்" என்றார் மெல்ல. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வீட்ல சொன்னாங்க. சும்மா ஒரு தடவை தொட்டுக் குடுத்துடுங்க."

கைராசி நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அவர் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் நீட்டினார்.

"கழுவின கையா, கழுவாத கையா சார்?"